பழைய டார்ச்சில் லித்தியம் செல்: பல்பு ஏன் மங்குகிறது, ஏன் சட்டென்று போகிறது

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் கரையைத் தொடுவதற்கு முன்பே சென்னையை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மின்சாரம் போய்ப் பல மணி நேரம் ஆகியிருந்தது. கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டார் மூழ்கிவிட்டதா என்று பார்க்க, நானே கட்டிய கைவிளக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். 6 வோல்ட், 10 வாட் ஹாலஜன் பல்பு. இரண்டு லித்தியம் அயன் செல். இரண்டு ஆண்டுகளாக ஒரு நாளும் ஏமாற்றாத விளக்கு. புயல் வருகிறதே என்று முந்தின வாரம்தான் அதிலிருந்த பழைய செல்களை எடுத்துவிட்டுப் புதிய செல்களைப் போட்டு, முழுக்கச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தேன். ஸ்விட்சைத் தள்ளினேன். கண்ணைக் கூசவைக்கும் ஒரு வெள்ளை மின்னல், பிறகு இருட்டு. பல்பு போய்விட்டது.

பழைய செல்லில் இரண்டு ஆண்டு எரிந்த பல்பு புதிய செல்லில் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. பல்பு மட்டமானது என்றுதான் முதலில் நினைத்தேன். மின்சாரம் வந்தபின் மல்டிமீட்டரை எடுத்து அளந்தபோது உண்மை வேறாக இருந்தது. அந்தப் பழைய செல்களின் தளர்ச்சிதான் அத்தனை நாளும் பல்பைக் காப்பாற்றி வந்திருக்கிறது. முழுச் சார்ஜில் செல்லுக்கு 4.2 என்று, 6 வோல்ட் பல்புக்கு 8.4 வோல்ட்டைக் காட்டியிருக்கிறேன். கிழட்டுச் செல்கள் அதில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் தங்களுக்குள்ளேயே விழுங்கிக்கொண்டு மிச்சத்தை மட்டும் பல்புக்குக் கொடுத்து வந்திருக்கின்றன. புதிய செல்கள் அவ்வளவு விழுங்கவில்லை.

இழை பல்பு எரியும் டார்ச்சில் லித்தியம் செல்லைப் போட விரும்பும் புதியவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது தடுக்கி விழுகிறார்கள். செல்லின் மேலே அச்சிட்டிருக்கும் மில்லியாம்பியர் எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். விளக்கின் வெளிச்சத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது செல்லின் இரு முனைகளிலும் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதுதான் வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது. அதைத் தீர்மானிப்பவை செல்லின் வேதியியலும் வயதும்.

எல்இடி டார்ச் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலத்தில் இழை பல்பு எதற்கு என்று கேட்கலாம். காசிமேட்டில் விடியுமுன் ஏலக்கூடத்தில் நின்று மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். மலிவான எல்இடியின் நீலம் பாய்ந்த வெளிச்சத்தில் செவுளின் சிவப்பு செத்துப்போய்த் தெரியும்; நல்ல மீனும் பழைய மீன்போல இருக்கும். டங்ஸ்டன் இழையின் ஒளியில் எல்லா நிறமும் இடைவெளி இல்லாமல் இருப்பதால் சிவப்பு சிவப்பாகவே தெரிகிறது. இன்னொரு காரணமும் உண்டு. வடசென்னையின் பல வீடுகளில் அப்பாவோ தாத்தாவோ வாங்கிய தகர டார்ச் இன்னும் ஆணியில் தொங்குகிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எவரெடியின் பேட்டரித் தொழிற்சாலை இயங்கிய ஊர் இது. இரண்டு கட்டை, மூன்று கட்டை, ஐந்து கட்டை என்று உள்ளே போடும் பேட்டரிக் கட்டைகளின் கணக்கில் டார்ச்சைச் சொல்வது இன்னும் எங்கள் வாயில் இருக்கிறது. அந்த டார்ச்சைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் மீண்டும் எரியவைப்பது நல்ல வேலை.

முதல் படி: பல்பின் கழுத்தைப் படியுங்கள்

செல் வாங்குவதற்கு முன் பல்பைக் கழற்றி, அதன் உலோகக் கழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர், 3.8 வோல்ட் 0.3 ஆம்பியர் என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் எத்தனை வோல்ட் அழுத்தத்தில் அது சரியாக எரியும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, அப்போது எவ்வளவு மின்னோட்டம் இழுக்கும் என்பது. இரண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், கடைசிவரை வேண்டியிருக்கும்.

மூன்று கட்டை டார்ச்சுக்கு வரும் பல்பில் 3.8 என்று இருப்பதைப் பார்த்து நான் முதலில் குழம்பினேன். ஒரு கட்டை 1.5 வோல்ட், மூன்று கட்டை 4.5 வோல்ட் அல்லவா? பல்பைச் செய்தவர்களுக்குக் கட்டையின் குணம் தெரியும். துத்தநாகக் கட்டை சும்மா இருக்கும்போது 1.5 காட்டும், வேலை கொடுத்தால் 1.3க்கும் 1.2க்கும் இறங்கிவிடும். அந்தத் தொய்வைக் கணக்கில் எடுத்தே பல்பில் 3.8 என்று போட்டார்கள். பல்பும் கட்டையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்ட ஜோடி. கட்டையை மாற்றி லித்தியத்தைப் போட்டால் அந்த ஜோடி உடைந்துபோகிறது. நாம்தான் புதிதாகச் சேர்த்துவைக்க வேண்டும்.

நல்லவேளையாக, ஒரே ஒரு லித்தியம் அயன் செல்லின் சராசரி அழுத்தம் 3.7 வோல்ட். 3.8 வோல்ட் பல்புக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது. ஆகவே மூன்று கட்டை டார்ச்சில் ஒரு லித்தியம் செல் போதும். மற்ற இரண்டு கட்டைகளின் இடத்தில், நீளமான போல்ட் ஊடுருவிய மரத்துண்டு ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளலாம். செல் ஆடாமல் இருக்க அதைப் பிவிசி குழாய்த் துண்டுக்குள் நுழைத்துக் காகிதம் சுற்றிவிடுங்கள். மூன்று கட்டை இருந்த இடத்தில் மூன்று லித்தியம் செல்லைப் போடாதீர்கள். அது 12 வோல்ட்டைத் தாண்டும். பல்பு அந்தக் கணமே போய்விடும்.

இரண்டாம் படி: செல்லின் ஜாதகம்

டார்ச்சுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 18650 என்ற அளவு. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த எண்ணுக்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஐசிஆர் என்றால் கோபால்ட், ஐஎம்ஆர் என்றால் மாங்கனீசு, ஐஎன்ஆர் என்றால் நிக்கல் சேர்ந்த கலவை, ஐஎஃப்ஆர் என்றால் இரும்பு பாஸ்பேட். முதல் எழுத்து லித்தியம் அயனையும் கடைசி எழுத்து உருளை வடிவத்தையும் குறிக்கின்றன. நமக்கு வேண்டியது நடு எழுத்து.

இவற்றில் மூன்று வேதியியல்கள் ஒரே மனிதரின் ஆய்வகங்களிலிருந்து வந்தவை. ஜான் குட்இனஃப் 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் கோபால்ட் ஆக்சைடைக் கண்டறிந்தார். சில ஆண்டுகளுக்குள் அங்கேயே மாங்கனீசு வந்தது. 1997இல் டெக்சாஸில் அவருடைய குழு இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டது. 1991இல் சோனி முதன்முதலில் கடைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் செல் கோபால்ட் வகை. 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97. ஒரே மனிதரின் கைப்பட்ட அந்த மூன்று பொருள்களும் டார்ச்சுக்குள் நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு.

கோபால்ட் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். எரிய எரியச் சரிவான தெருவில் இறங்குவதுபோல மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வரும். கொள்ளளவு அதிகம், ஆனால் ஒரே நேரத்தில் நிறைய மின்னோட்டம் கேட்டால் தளர்ந்துவிடும். சூடானால் கோபமும் அதிகம். தீப்பிடிக்கும் வாய்ப்பு இந்த வகையில்தான் கூடுதல். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்து விற்கப்படும் செல்களில் பல இந்த வகை.

மாங்கனீசுக்கும் அதே 4.2. உள்மின்தடை குறைவு. அதாவது செல்லுக்குள்ளேயே மின்னோட்டத்தை மறிக்கும் தடை குறைவாக இருப்பதால், பெரிய பல்பைப் போட்டாலும் அழுத்தம் அதிகம் சரியாது. ஒரே பல்பில் 2600 என்று போட்ட கோபால்ட் செல்லைவிட 1600 என்று போட்ட மாங்கனீசு செல் பளிச்சென்று எரிவதை நீங்களே பார்க்கலாம். சீக்கிரம் தீர்ந்துபோகும், அவ்வளவுதான். வெப்பம் இதற்கு எதிரி. சூட்டில் மாங்கனீசு மெல்லக் கரைந்து வெளியேறிச் செல் தேய்கிறது. நிக்கல் கலந்த ஐஎன்ஆர் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இன்று கடையில் புதிதாக வாங்கினால் அநேகமாக இதுதான் கைக்கு வரும்.

இரும்பு பாஸ்பேட் தனிக் குடும்பம். சராசரி அழுத்தம் 3.2 வோல்ட்தான், முழுச் சார்ஜ் 3.6 அல்லது 3.65. சார்ஜரிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வைத்தால் 3.4 பக்கம் வந்து நிற்கும். அதன் பின் தீரும் தறுவாய் வரை 3.3, 3.2 என்று சமதரையில் நடக்கும். மற்ற வகைகளைவிடப் பாதுகாப்பானது. ஆயிரம், இரண்டாயிரம் முறை சார்ஜ் ஏற்றினாலும் உழைக்கும். கொள்ளளவு குறைவு. 18650 அளவில் 1500 மில்லியாம்பியர் மணிக்கு அக்கம்பக்கம். இதற்கான சார்ஜர் வேறு. 4.2 வோல்ட் சார்ஜரில் இதை மாட்டாதீர்கள், செல் கெட்டுவிடும்.

எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். உறை மாற்றி ஒட்டப்பட்ட செல்கள் நிறைய உலவுகின்றன. 18650 அளவில் 9900 மில்லியாம்பியர் என்று அச்சிட்டிருந்தால் அது பொய். நல்ல நிறுவனங்கள் இந்த அளவுக்குள் அடைப்பதே 3500 பக்கம்தான். எடைபோட்டுப் பாருங்கள். நிக்கல், கோபால்ட் செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். இரும்பு பாஸ்பேட் 40 கிராம் இருக்கும். 30 கிராம் என்று காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஒரே ஒரு கணக்கு

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். இழை பல்பின் வெளிச்சம், அழுத்தத்தின் மூன்றரை அடுக்கில் மாறுகிறது. கணக்கை விட்டுவிட்டு விளைவை மட்டும் பாருங்கள். அழுத்தம் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 16 சதவீதம் போகும். 10 சதவீதம் குறைந்தால் 31 சதவீதம் போகும். இழையின் சூடு சற்றே குறைந்தாலும் அது விடும் ஒளியில் கண்ணுக்குத் தெரியும் பங்கு பெரிதாக அடிவாங்குவதே காரணம். இழை இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கக்குவதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத வெப்பமாகிவிடுகிறது.

ஆயுள் இதைவிடக் கடுமையாக மாறுகிறது, சுமார் பன்னிரண்டாம் அடுக்கில். 5 சதவீதம் அழுத்தம் கூடினால் பல்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. 10 சதவீதம் கூடினால் மூன்றில் ஒரு பங்கு.

3.8 வோல்ட் பல்பில் இதைப் பொருத்திப் பார்ப்போம். 4.1 வோல்ட்டில் நிற்கும் புதிய நிக்கல் செல்லில் அது தன் முழு வெளிச்சத்தைவிட 30 சதவீதம் அதிகமாக எரியும். செல் 3.7க்கு இறங்கும்போது 91 சதவீதம். 3.4க்கு வந்தால் 68. அதே பல்பில் இரும்பு பாஸ்பேட் செல்லைப் போட்டால் 3.2 வோல்ட்டில் 55 சதவீதம்தான். ஆனால் அந்த 55 கடைசிவரை 55ஆகவே இருக்கும், பல்பும் ஏழெட்டு மடங்கு நாள் உழைக்கும். இரவில் படியிறங்க, கழிவறைக்குப் போக வைத்திருக்கும் டார்ச்சுக்கு நான் தயங்காமல் இரும்பு பாஸ்பேட்டைத்தான் சொல்வேன். ஏலக்கூடத்துக்கு வேண்டாம். மங்கிய இழை சிவந்து எரியும்; அந்தச் செவ்வெளிச்சத்தில் வெளுத்த செவுளும் சிவப்பாகத் தெரிந்து உங்களை ஏமாற்றும்.

நம் கண்ணையும் நம்ப முடியாது. வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்தால் முப்பது சதவீதம் போனதுகூடக் கண்ணுக்கு உறைக்காது. பக்கத்தில் இன்னொரு விளக்கை வைத்தால்தான் தெரியும். ஆகவே ஆண்ட்ராய்டு போனில் ஒளியளவி செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் அறையை இருட்டாக்கி, டார்ச்சை ஒரு மீட்டர் தூரத்தில் அசையாமல் வைத்துப் போனின் முகத்தில் அடித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. அதே போன், அதே தூரம் என்றால் ஒப்பிடப் போதும்.

நான்காம் படி: உப்புக்காற்று

செல்லுக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது அவசியமான படி. கடற்காற்றில் டார்ச்சின் அடிமூடி ஸ்பிரிங் துருப்பிடிக்கும். பித்தளைப் பட்டையில் பச்சைப் பாசிபோலப் பூக்கும். ஸ்விட்சுக்குள் இருக்கும் தகரம் கறுத்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு தடை. எல்லாம் சேர்ந்து அரை ஓம் வந்துவிட்டால் நல்ல செல்லும் கிழட்டுச் செல்போல நடந்துகொள்ளும்.

கண்டுபிடிப்பது எளிது. டார்ச்சை எரியவிட்டு அடிமூடியைக் கழற்றுங்கள். விளக்கு அணையும். செல்லின் அடிமுனையையும் டார்ச்சின் உடலையும் தடித்த செம்புக் கம்பியால் நேரடியாக இணையுங்கள். வெளிச்சம் முன்பைவிடப் பளிச்சென்று வந்தால் குற்றவாளி ஸ்பிரிங்தான். நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துப் போடுங்கள். மூடியின் மரையையும் டார்ச் உடலின் மரையையும் தேய்க்க மறக்காதீர்கள். மின்சாரம் அந்த வழியாகத்தான் போகிறது. முடிந்தால் ஸ்பிரிங்கின் மேல்நுனியிலிருந்து அடிவரை மெல்லிய செம்புப் பின்னல் கம்பி ஒன்றைப் பற்றவைத்துவிடுங்கள். எங்கள் தெருவில் நான் பழுது பார்த்துக் கொடுத்த டார்ச்சுகளில் பாதிக்கு மேல் செல் மாற்றவே தேவைப்படவில்லை. இந்தத் துடைப்பு மட்டும் போதுமானதாக இருந்தது.

ஐந்தாம் படி: செல்லின் வயதை அளப்பது

லித்தியம் செல் இரண்டு வழியில் கிழடாகிறது. ஒன்று, சார்ஜ் ஏற்றி இறக்கும் தேய்மானம். மற்றது, சும்மா இருந்தாலும் கூடும் வயது. உள்ளே கரியத் தகட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்துகொண்டே வருகிறது. அது தடிக்கத் தடிக்க உள்மின்தடை ஏறுகிறது. சூட்டிலும் முழுச் சார்ஜிலும் அந்தப் படலம் வேகமாக வளரும். ஆகவே ஒரு முறைகூடப் பயன்படுத்தாமல் ஐந்து ஆண்டு அலமாரியில் கிடந்த செல் புதிய செல் ஆகாது.

ஓய்வில் இருக்கும்போது அழுத்தத்தை அளந்தால் வயது தெரியாது. கிழட்டுச் செல்லும் 4.2 என்று நெஞ்சு நிமிர்த்திக் காட்டும். வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். 2 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். செல்லை முழுக்கச் சார்ஜ் ஏற்றி ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அழுத்தத்தை அளந்து எழுதுங்கள். பிறகு ரெசிஸ்டரைச் செல்லின் இரு முனைகளிலும் இணைத்து, பத்து நொடியில் மறுபடி அளங்கள். மல்டிமீட்டர் முனைகள் செல்லின் முனைகளையே தொட வேண்டும். கிளிப்பைத் தொட்டால் கிளிப்பின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். அளந்தவுடன் ரெசிஸ்டரைக் கழற்றிவிடுங்கள், கை சுடும் அளவுக்குச் சூடாகும்.

முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழித்து, 2ஆல் பெருக்கி, இரண்டாம் எண்ணால் வகுத்தால் உள்மின்தடை ஓம் கணக்கில் வந்துவிடும். 4.15 வோல்ட் 4.00க்கு இறங்கினால் 0.075 ஓம், இது நல்ல இளமை. 4.15 வோல்ட் 3.40க்கு இறங்கினால் 0.44 ஓம், இது முதுமை. என் கைவிளக்கிலிருந்த பழைய செல்கள் இரண்டும் இந்த 0.44ஐ ஒட்டித்தான் இருந்தன.

என் அனுபவத்தில் 0.1 ஓமுக்குக் கீழே இருந்தால் எந்தப் பல்புக்கும் கொடுக்கலாம். 0.25ஐத் தாண்டிவிட்டால் பெரிய பல்புக்கு ஆகாது. அரை ஓமைத் தாண்டினால் எதற்கும் வேண்டாம். இந்த எண்ணோடு இன்னொரு சோதனையும் செய்யுங்கள். முழுச் சார்ஜ் ஏற்றிய செல்லை இரண்டு வாரம் தனியே வையுங்கள். தானாக 4.0 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளே கசிவு இருக்கிறது; தடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை விலக்கிவிடுங்கள். உப்பியது, நசுங்கியது, உறை கிழிந்தது, 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்தது ஆகியவற்றைச் சோதிக்கக்கூட வேண்டாம்.

ஆறாம் படி: ஜோடி சேர்ப்பது

ஆயிரம் முறை சொல்லிக் கொடுத்தாலும் புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். செல்லின் முதுமை எல்லாப் பல்பிலும் ஒரே மாதிரித் தெரியாது. பல்பு இழுக்கும் மின்னோட்டத்தை உள்மின்தடையால் பெருக்கினால் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று வரும். 0.44 ஓம் உள்ள கிழட்டுச் செல்லில் 0.3 ஆம்பியர் பல்பைப் போட்டால் தொலைவது 0.13 வோல்ட். வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. அதே செல்லில் 2 ஆம்பியர் இழுக்கும் ஹாலஜனைப் போட்டால் 0.88 வோல்ட் தொலையும். வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். பெரிய விளக்குக்கு ஆகாத செல் சின்ன டார்ச்சில் இன்னும் சில ஆண்டு மரியாதையாக உழைக்கும். தூக்கிப் போடுவதற்கு முன் சின்ன பல்பில் வாய்ப்புக் கொடுங்கள்.

இப்போது என் கைவிளக்குக்கு வருகிறேன். 10 வாட் ஹாலஜன் பல்பு சூடாக எரியும்போது அதன் தடை 3.6 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ஸ்விட்சைத் தட்டும் முதல் கணத்தில் இழை கிட்டத்தட்ட வெறும் கம்பிபோல நடந்துகொள்கிறது. பழைய செல்கள் இரண்டும் சேர்த்துக் கிட்டத்தட்ட 0.9 ஓம் இருந்ததால் அந்த முதல் பாய்ச்சல் 7 ஆம்பியர் அளவில் அடங்கியது. புதிய செல்களில் கணக்குப்படி 20 ஆம்பியரைத் தொட்டிருக்கும். இரண்டு ஆண்டு எரிந்து மெலிந்திருந்த இழை அந்த அடியையும், அதன் மேல் 8 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தையும் எப்படித் தாங்கும்?

இப்போது அதே விளக்கில் இரண்டு இரும்பு பாஸ்பேட் செல்கள் இருக்கின்றன. சேர்த்து 6.4 வோல்ட், தொடுமுனைகளில் தொலைவது போகப் பல்புக்கு 6.2 கிடைக்கிறது. 6 வோல்ட் பல்புக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. 3.7 வோல்ட் செல்களையே பயன்படுத்தியாக வேண்டும் என்றால் 7.2 வோல்ட்டுக்கான பல்பைத் தேடுங்கள். அதோடு முதல் பாய்ச்சலைத் தடுக்கும் என்டிசி தெர்மிஸ்டர் ஒன்றைத் தொடரில் இணையுங்கள். சூடானதும் அதன் தடை தானே குறைந்துவிடும். ஆனால் அழுத்தப் பொருத்தத்தை அது சரிசெய்யாது. பாய்ச்சலை மட்டும்தான் மட்டுப்படுத்தும். ஹாலஜன் பல்பை மாற்றும்போது கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்குப் பட்ட இடத்தில் சூடேறி வெடிக்கும்.

பாதுகாப்புச் சுற்று பொருத்திய செல்களில் இன்னொரு சிக்கல். பெரிய பல்பின் முதல் பாய்ச்சலைப் பார்த்து, எங்கோ ஷார்ட் ஆகிவிட்டது என்று நினைத்து அந்தச் சுற்று மின்சாரத்தை நிறுத்திவிடும். விளக்கு ஒரு கணம் மினுக்கி அணைந்தால் செல் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டு அளந்து பாருங்கள், உயிரோடுதான் இருக்கும். சின்ன பல்புக்குப் பாதுகாப்புச் சுற்றுள்ள செல்தான் நல்லது.

இரண்டு செல்லைத் தொடரில் போடும்போது புதியதையும் பழையதையும் கலக்கவே கலக்காதீர்கள். பழையது முதலில் தீர்ந்துவிடும். புதியது அதன் வழியாகத் தொடர்ந்து மின்னோட்டத்தைத் தள்ளும். தீர்ந்த செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகத் தொடங்கும். இங்குதான் தீ விபத்துகள் பிறக்கின்றன. ஒரே நாளில் வாங்கிய ஒரே வகைச் செல்கள் இரண்டுக்கும் மேல் மார்க்கரால் மாதமும் வருடமும் எழுதி, கடைசிவரை ஒன்றாகவே வையுங்கள்.

எங்கே நிறுத்துவது? இழை டார்ச்சில் தானாக அணைக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. நிக்கல், கோபால்ட் செல்லில் ஒளி நன்றாக மஞ்சளித்துவிட்டால் அளந்து பாருங்கள்; எரியும்போது 3 வோல்ட்டுக்கு வந்திருந்தால் சார்ஜ் போட வேண்டிய நேரம். இரும்பு பாஸ்பேட்டில் முன்னறிவிப்பு கிடையாது. சமமாக எரிந்துகொண்டிருந்துவிட்டு இரண்டொரு நிமிடத்தில் சரியும். சரியத் தொடங்கியதும் அணைத்துவிடுங்கள்.

ஏழாம் படி: வெயிலிலிருந்து காப்பது

அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, நிறுத்திவைத்த ஸ்கூட்டரின் பெட்டிக்குள், ஜன்னல் விளிம்பில் செல்லை வைக்காதீர்கள். முழுச் சார்ஜோடு அங்கே ஒரு கோடையைக் கழித்த செல் பல ஆண்டு வயதைச் சேர்த்துக்கொண்டு வெளியே வரும். வீட்டில் குளிர்ச்சியான மூலை எதுவோ அங்கே, பாதிச் சார்ஜில், 3.7 அல்லது 3.8 வோல்ட்டில் வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது அரிசி டின்னுக்குப் பக்கத்துச் சமையலறைக் கீழ்த்தட்டுதான். அடுப்பிலிருந்து தள்ளி இருந்தால் சரி. அவசரத்துக்கு வைக்கும் விளக்கைப் பாதிச் சார்ஜில் வைத்து என்ன பயன் என்று தோன்றலாம். நம் ஊரில் மழை சொல்லிவிட்டு வருகிறது. அக்டோபர் நடுவில் ஒரு முறை முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். வானிலை மையம் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று அறிவிக்கும்போதெல்லாம் சரிபாருங்கள். ஜனவரியில் மறுபடி பாதிக்கு இறக்கிவையுங்கள். இரும்பு பாஸ்பேட் என்றால் இவ்வளவு கவலை வேண்டாம், முழுச் சார்ஜிலேயே வைக்கலாம்.

சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு செல்லைப் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது மெத்தைமேல் வைக்காதீர்கள். யாரும் இல்லாத வீட்டில் ஏறவிடாதீர்கள்.

விலக்கிய செல்லை மாநகராட்சிக் குப்பை வண்டியில் போட்டால் அது கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போய்ச் சேரும். அங்கே தீப்பிடித்தால் புகையைச் சுவாசிப்பவர்கள் வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கும் நம் மக்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பேட்டரியைக் குப்பையில் புதைப்பதைத் தடைசெய்கின்றன. தயாரிப்பாளர்கள் திரும்பப் பெற வேண்டும் என்றும் சொல்கின்றன. முனைகளில் இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

என் பழைய செல்கள் இரண்டும் இரண்டு வாரச் சோதனையில் தேறின. ஒன்றை அப்பாவின் மூன்று கட்டை டார்ச்சில், 3.8 வோல்ட் 0.3 ஆம்பியர் பல்போடு போட்டு வாசல் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். போன வாரம் அளந்தபோது 0.47 ஓம் காட்டியது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் மறுபடி அளக்க வேண்டும்.